படகின் காலைத் தூக்கும் பொறி: பழைய மோட்டார்ப் படகில் கோளாறு கண்டறியும் முறை

போர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர் அகலமுள்ள ஒரு வாயின் வழியாகக் கொச்சிக் காயல் அரபிக் கடலுடன் கலக்கிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே புகுகிறது. வற்றத்தின்போது காயல் நீர் வெளியேறுகிறது. பெருங்கப்பல்கள் செல்லும் வழி 1920-களில் தொடங்கிய துறைமுக வேலைகளின் பயனாக ஆழமாகத் தோண்டப்பட்டது. அவ்வழியை விட்டுச் சற்று விலகினால் வண்டல் படிந்த ஆழமற்ற நீரே எங்கும் உள்ளது. மட்டாஞ்சேரிக் கரையோரமும், காயலின் உட்பகுதிகளும் இத்தகையனவே. மழைக் காலத்தில் பெரியாறு முதலான ஆறுகள் ஆகாயத்தாமரையைத் திரள் திரளாகக் கொண்டுவந்து துறையில் சேர்க்கின்றன.

இத்தகைய நீரில் ஓடும் மோட்டார்ப் படகுக்கு ஒரு திறமை இன்றியமையாதது. நீருக்குள் நீண்டு நிற்கும் அதன் இயக்கு பகுதியைத் தேவையானபோது மேலே தூக்கவும், மீண்டும் இறக்கவும் முடியவேண்டும். தூக்க முடியாவிடில் படகு சேற்றில் தட்டும். புரொப்பெல்லரில் சுற்றிய கொடியை அகற்ற ஒருவர் நீரில் இறங்க நேரும். இறக்க முடியாவிடில் படகு புறப்படவே இயலாது. தூக்கிய நிலையிலிருந்து எதிர்பாராமல் விழுந்தாலோ, அடியில் வேலை செய்பவரின் கைக்கு ஆபத்து.

பழைய படகுகளில் இக்கோளாறு அடிக்கடி நேர்வது. ஆயினும் பல சமயங்களில் குற்றமற்ற பம்பு கழற்றப்பட்டு, புதிய பம்பு வாங்கப்பட்டு, பின்னரே ஒரு கம்பியின் முனை அரித்துப்போனது தெரியவருகிறது. வீண் செலவைத் தவிர்ப்பதற்கு உரிய வழி, கோளாறை வரிசைமுறையாக ஆராய்வதே. அம்முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பொறியின் அமைப்பு

சிறு படகுகளைச் செலுத்தும் முறைகள் முக்கியமாக மூன்று. முதலாவதில் எஞ்சின் படகின் உள்ளே இருக்கும். நீண்ட தண்டு ஒன்று படகின் அடியைத் துளைத்துச் சென்று புரொப்பெல்லரைச் சுழற்றும். இரண்டாவது, எஞ்சின் முழுவதும் பின்புறப் பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டார். மூன்றாவது இவ்விரண்டின் கலப்பு. எஞ்சின் படகின் உள்ளே பின்புறப் பலகையை ஒட்டி அமைந்திருக்க, அதன் ஆற்றல் பலகையைக் கடந்து, வெளியே தொங்கும் ஒரு கியர்ப் பெட்டியை அடைகிறது. அங்கே செங்கோணமாகத் திரும்பிக் கீழே இறங்கி, மறுபடியும் செங்கோணமாகத் திரும்பிப் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. இதற்கு ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயர். சுவீடன் நாட்டு வால்வோ பென்ட்டா நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் அக்வாமாட்டிக் என்ற பெயரிலும், அமெரிக்காவில் மெர்குரூசர் என்ற பெயரில் மற்றொரு நிறுவனம் 1961-ஆம் ஆண்டிலும் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. வெளியே தொங்கும் பகுதியைப் படகோட்டிகள் ‘கால்’ என்று அழைப்பதுண்டு. இக்கட்டுரையிலும் அச்சொல்லே கையாளப்படுகிறது.

இக்காலுக்குத் தனிச் சுக்கான் இல்லை. கால் முழுவதும் இடமும் வலமும் திரும்புவதால் படகு திசை மாறுகிறது. கீல் ஒன்றைப் பற்றி மேலும் கீழும் அசைவதால் அதைத் தூக்கவும் இறக்கவும் முடிகிறது. இவ்விரு அசைவுகளுக்கும் இடம்கொடுத்து, நீர் உட்புகாமல் காப்பதற்காகப் பலகைக்கும் காலுக்கும் இடையே ரப்பர்த் துருத்தி பொருத்தப்பட்டுள்ளது.

தூக்கும் பொறி இருவகைப்படும். வால்வோ பென்ட்டாவின் பழைய மாதிரிகள் சிலவற்றில் சிறிய மின்மோட்டார் பற்சக்கரங்களின் மூலம் காலைத் தூக்குகிறது. இதில் எண்ணெய் அழுத்தத்திற்கு வேலையில்லை. மற்ற வகையில் மின்மோட்டார் ஒரு பம்பைச் சுழற்றுகிறது; பம்பு எண்ணெயை அழுத்திக் குழாய்களின் வழியே காலின் இருபுறமும் உள்ள இரு சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது; சிலிண்டரின் பிஸ்டன் தண்டு வெளியே நீண்டு காலைத் தள்ளுகிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் எண்ணெய் பிஸ்டனின் மறுபுறம் சென்று காலை இறக்குகிறது. பெரும்பாலும் காணப்படுவது இரண்டாம் வகையே.

ஆகவே, விசையை அழுத்துவது முதல் கால் அசைவது வரை ஒரு சங்கிலி அமைந்திருக்கிறது. பாட்டரி, பியூஸ், விசை, ரிலே, மோட்டார் ஆகியன மின்சாரத்தின் வழி. பம்பு, வால்வு, குழாய், சிலிண்டர் ஆகியன எண்ணெயின் வழி. கீலும் அதன் ஊசிகளும் இறுதிக் கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றே, கால் அசையாது. அறுந்த கண்ணி எது என்று காண்பதே ஆராய்ச்சியின் நோக்கம்.

காயல் நீரின் இயல்பு

உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். இரு வேறு உலோகங்கள் உவர்நீரில் மூழ்கி, ஒன்றோடொன்று இணைந்திருந்தால், அவை ஒரு மின்கலமாக மாறுகின்றன. அவற்றுள் வீரியம் மிக்க உலோகம் அரிக்கப்படுகிறது. ஸ்டெர்ன் டிரைவின் கால் அலுமினியக் கலவையால் ஆனது. அதனுடன் எவர்சில்வர் தண்டுகளும், சில படகுகளில் வெண்கலப் பாகங்களும் சேர்ந்துள்ளன. எனவே தடுப்பு இல்லாவிடில் அலுமினியமே முதலில் அரிக்கப்படும். இதனைத் தடுக்கவே, தானே கரைந்து மற்றதைக் காக்கும் உலோகக் கட்டி ஒன்று காலில் பொருத்தப்படுகிறது.

கொச்சியில் இதற்குத் தனிக் கவனம் தேவை. கோடையில் காயல் நீர் உப்பு மிகுந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர் கலந்து உப்பு வெகுவாகக் குறைகிறது. துத்தநாகக் கட்டி கடல்நீரில் நன்கு பணிபுரியும். நன்னீரில் அதன் மேல் ஒரு படலம் மூடி அது செயலற்றுப்போகும். மக்னீசியம் நன்னீருக்கு ஏற்றது. உவர்நீரில் விரைவில் தீர்ந்துவிடும். அலுமினியக் கலவைக் கட்டி கடல்நீருக்கும் கலப்பு நீருக்கும் ஏற்றது. கொச்சியில் 1957-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், படகுகளை அரிப்பும் கடல் உயிரினங்களும் தாக்குவதைத் தடுக்கும் வழிகளைத் தன் ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டு நடத்திவருகிறது.

நீருக்கு மேலுள்ள மின் இணைப்புகளும் தப்புவதில்லை. உப்புக் காற்று பட்டுச் செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பூக்கிறது. வெளியே நலமாகத் தோன்றும் ரப்பர் உறைக்குள்ளும் கம்பி கறுத்துப் பொடியாகியிருக்கலாம். பாட்டரியும் கம்பிகளும் ஈரமான அடித்தளத்தில் கிடக்கும் பழைய படகில், கோளாறை முதலில் தேடவேண்டிய இடம் இதுவே.

வேலை தொடங்குமுன்

ஆராய்ச்சிக்கு முன் நான்கு காரியங்கள் கட்டாயம் செய்யவேண்டும்.

முதலாவது, பெட்ரோல் எஞ்சினுள்ள படகாயின் எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து, காற்றோட்ட விசிறியை இயக்கி, பெட்ரோல் வாடை அறவே இல்லை என்று உறுதி செய்தல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தங்கும். ரிலேயில் எழும் சிறு பொறியும் அதைப் பற்றவைக்கும்.

இரண்டாவது, தூக்கிய காலைப் பிஸ்டன் தண்டுகளை மட்டும் நம்பி விட்டுவிடாமல், உறுதியான முட்டுக் கொடுத்தோ சங்கிலியால் கட்டியோ வைத்தல். எண்ணெய்க் குழாயைக் கழற்றினால் முட்டுக் கொடுக்காத கால் விழக்கூடும்.

மூன்றாவது, எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடாமை. அழுத்தத்துடன் பீறிடும் மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடும். அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிக் கசிவைக் காணலாம்.

நான்காவது, கால் முழுவதும் தூக்கிய நிலையில் எஞ்சினை இயக்காமை. அந்நிலையில் குளிர்நீர் உட்செல்லாது. வளைந்த இணைப்பும் ரப்பர்த் துருத்தியும் சிதையும்.

ஒலியைக் கொண்டு ஆராய்தல்

விசையை அழுத்தியதும் என்ன ஒலி கேட்கிறது என்பதே முதற் சான்று. ஒலியைக் கொண்டு கோளாறைச் சில பிரிவுகளாக வகுக்கலாம்.

1. ஒலியே இல்லை. இவ்விடத்தில் எண்ணெயைப் பற்றி எண்ணவேண்டியதில்லை; குறை மின்சாரத்தின் வழியில் உள்ளது. பாட்டரியின் இருமுனைகளையும் முதலில் பார்க்கவேண்டும். முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அடுத்துப் பியூஸ். பியூஸ் எரிந்திருந்தால், எரிந்ததற்குக் காரணம் காணாமல் பெரிய பியூஸைப் போடுதல் கூடாது, கம்பியே தீப்பற்றும். பின்னர் விசைக்கு மின்சாரம் வருகிறதா, விசையிலிருந்து ரிலேக்குச் செல்கிறதா என்று வரிசையாகச் சோதிக்கவேண்டும்.

2. ‘டக்’ என்ற ஒலி கேட்கிறது; மோட்டார் சுழலவில்லை. விசையும் அதன் மெல்லிய கம்பிகளும் நலம் என்பதை அவ்வொலியே அறிவிக்கிறது. எஞ்சியவை ரிலேயின் தொடுமுனைகள், கனத்த கம்பிகள், மோட்டார் ஆகியவையே. இங்கேதான் பலர் மோட்டாரைக் குற்றஞ்சாட்டிக் கழற்றுகின்றனர். அதற்கு முன் கீழே விவரித்துள்ள மின்னழுத்த இழப்புச் சோதனை அவசியம்.

3. கால் இறங்குகிறது, ஏறவில்லை. அல்லது ஏறுகிறது, இறங்கவில்லை. பாட்டரியும், அதன் முக்கியக் கம்பிகளும் இரு அசைவுகளுக்கும் பொது. ஓர் அசைவு நடைபெறுவதால் பொதுவானவை நலம். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனி ரிலே உள்ள படகில் அவை ஒரே வகையாயின் இடம் மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் இடம் மாறினால் குற்றவாளி ரிலேயே.

சில பொறிகளில் ஓட்டத்தின்போது கால் அளவுக்கு மீறி ஏறாதபடி ஓர் எல்லை விசை தடுக்கும். கரையில் முழுவதும் தூக்குவதற்குத் தனிப் பொத்தான் இருக்கும். தனிப் பொத்தானால் கால் ஏறி, மற்றதால் ஏறாவிடில், எல்லை விசையோ அதன் கம்பியோ பழுது. இக்கம்பி காலுடன் சேர்ந்து அசைவதாலும் நீரில் நனைவதாலும் எளிதில் அறுவது.

4. மோட்டார் சுழல்கிறது, கால் அசையவில்லை. இப்போது எண்ணெயின் வழிக்குத் திரும்பவேண்டும். மோட்டார் சுமையின்றி வேகமாகச் சுழலும் ஒலி கேட்டால், பம்பு எதையும் தள்ளவில்லை என்று பொருள். எண்ணெய் குறைந்திருக்கலாம், கையால் காலை இறக்குவதற்காக வைத்துள்ள வால்வு திறந்திருக்கலாம், மோட்டாருக்கும் பம்புக்கும் இடையேயுள்ள இணைப்பு உடைந்திருக்கலாம். மாறாக மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழன்றால், மின்னழுத்தம் குறைவு. அல்லது அரிப்பினால் கீலின் ஊசி இறுகிக் கால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் அளவைப் பெரும்பாலான பொறிகளில் கால் முழுவதும் இறங்கிய நிலையில் பார்க்கவேண்டும். கால் ஏறும்போது தொட்டியின் எண்ணெய் சிலிண்டருக்குள் சென்றுவிடுகிறது. அந்நிலையில் தொட்டியை நிரப்பினால் இறக்கும்போது எண்ணெய் வழியும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. நுரைத்திருந்தால் காற்று புகுந்துள்ளது.

5. கால் ஏறுகிறது, பின்னர் தானே மெல்ல இறங்கிவிடுகிறது. எண்ணெய் எங்கோ கசிகிறது. வெளியே கசிந்தால் நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரியும். வெளியே கசிவின்றி இறங்கினால் கசிவு உள்ளே நடைபெறுகிறது. பம்பிலுள்ள தடுப்பு வால்வில் மணல் துகள் சிக்கியிருக்கலாம். பிஸ்டனின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். காலுக்கு முட்டுக் கொடுத்து, பம்பிலிருந்து வரும் குழாய்களைக் கழற்றி, சிலிண்டர்ப் பக்கத்தை உரிய மூடிகளால் அடைத்து, முட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்கவேண்டும். கால் நிலைத்து நின்றால் பம்பே காரணம். அப்போதும் இறங்கினால் சிலிண்டரே காரணம்.

6. பற்சக்கர வகையில் மோட்டார் சுழன்றும் கால் ஏறாவிடில், சறுக்கும் கிளட்சின் தேய்வை ஆராயவேண்டும். வால்வோ பென்ட்டாவின் பழைய மாதிரிகளில் பின்னோக்கிச் செல்லும் கியரில் கால் உதைத்தெழாதபடி ஒரு கொக்கி பூட்டிக்கொள்ளும். கியர் நடுநிலையில் இருக்கிறதா, கொக்கி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விசையை அழுத்திக்கொண்டேயிருந்தால் பற்சக்கரம் சிதையும்.

மின்னழுத்த இழப்புச் சோதனை

கம்பி நலமா என்று அறிய அதை ஒரு சிறு விளக்குடன் இணைத்துப் பார்ப்பது வழக்கம். விளக்கு எரிந்தால் கம்பி நலம் என்று முடிவு செய்கின்றனர். இம்முடிவு தவறானது. விளக்குக்கு மிகச் சிறு மின்சாரமே தேவை. நூறு இழைகளுள் ஓர் இழை எஞ்சியிருந்தாலும் அது எரியும். தூக்கும் மோட்டாரோ பல பத்து ஆம்பியர் இழுப்பது.

ஓர் உதாரணம் கொள்வோம். களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை 0.05 ஓம். விளக்கு அரை ஆம்பியர் இழுத்தால் அவ்விணைப்பில் இழக்கப்படுவது 0.025 வோல்ட் மட்டுமே. எவரும் அதைக் கவனியார். அதே இணைப்பின் வழியாக 80 ஆம்பியர் பாய்ந்தால் 4 வோல்ட் இழக்கப்படுகிறது. பாட்டரியில் 12 வோல்ட் இருந்தும் மோட்டாருக்குக் கிடைப்பது 8 வோல்ட். மேலும் 320 வாட் ஆற்றல் அச்சிறு இணைப்பில் வெப்பமாக மாறுகிறது. சோதனைக்குப் பின் ஓர் இணைப்பு மட்டும் சுடுமாயின் குறை அங்கேயே உள்ளது.

ஆகையால் சோதனையை மோட்டாருக்கு மின்சாரம் பாயும்போதே செய்யவேண்டும். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை மோட்டாரின் நேர்முனையிலும் வைத்து, ஒருவர் விசையைச் சில விநாடிகள் அழுத்தவேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடை இருக்கிறது. அவ்வாறே எதிர்மின் பக்கத்தையும் சோதிக்கவேண்டும். பெரும்பாலோர் மறந்துவிடும் பக்கம் அதுவே. பின்னர் மீட்டரின் முனையை இணைப்புக்கு இணைப்பு நகர்த்திச் சென்றால் குறையுள்ள இடம் தானே வெளிப்படும்.

இரு பக்கங்களிலும் இழப்பு இல்லாமல், மோட்டாரின் முனையில் போதிய மின்னழுத்தம் இருந்தும் அது சுழலாவிடில், அப்போதே மோட்டாரைக் கழற்றுவது நியாயம்.

பேணும் முறை

உவர்நீரில் ஓடிய படகின் காலையும் பிஸ்டன் தண்டுகளையும் நன்னீரால் கழுவவேண்டும். நீரில் நிறுத்திவைக்கும் படகில் பிஸ்டன் தண்டு வெளியே நீண்டிருந்தால் அதன்மேல் கொட்டலசு ஒட்டி வளரும். இறக்கும்போது அது ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். ஆதலால் இறக்குமுன் தண்டை மரத்துண்டால் வழித்துத் துடைக்கவேண்டும்; கத்தியோ உப்புத்தாளோ ஆகாது.

காப்புக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றவேண்டும். அதன்மேல் வர்ணம் பூசினால் அது பயனற்றுப்போகும். செம்பு கலந்த அடிவர்ணத்தை அலுமினியக் காலில் பூசுதல் பெருந்தவறு. அரிப்பைத் தடுப்பதற்குப் பதில் அதை அது வளர்க்கும். காலின் பாகங்களை இணைக்கும் சிறு கம்பிகள் அறுந்தால், அப்பாகங்களுக்குக் கட்டியின் காப்புக் கிட்டாது. மழைக் காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நீரின் இயல்பு மாறுவதால், ஆண்டுக்கு இருமுறை இவற்றைப் பார்த்தல் நலம்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

இப்பொறியின் தத்துவங்களை ஆசிரியர்கள் எளிய பொருள்களைக் கொண்டு விளக்கலாம். ஊசி நீக்கிய இரு மருந்தேற்றும் குழல்களை, ஒன்று சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் எடுத்து, மெல்லிய ரப்பர்க் குழாயால் இணைத்து நீரால் நிரப்புக. சிறியதை ஒரு விரலால் அழுத்தினால் பெரியது கனத்த புத்தகத்தைத் தூக்கும்; ஆனால் சிறிதளவே நகரும். பாஸ்கல் விதி இதுவே. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 கிலோகிராம் எடையளவு அழுத்தினால், பிஸ்டனைத் தள்ளும் விசை 500 கிலோகிராம் எடைக்குச் சமம். சிலிண்டர் கீலுக்கு அருகில் இருந்தும் கனத்த காலைத் தூக்குவது இதனாலேயே. குழலுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு மறுபடியும் அழுத்தினால், காற்று சுருங்கிப் புத்தகம் தயங்கித் தயங்கி ஏறும். காற்று புகுந்த பொறியின் நடத்தையும் அவ்வாறே.

அரிப்பை விளக்க, உப்புநீருள்ள மூன்று கண்ணாடிக் குவளைகளில் இரும்பு ஆணிகளை இடுக. ஒன்றைத் தனியாகவும், ஒன்றைச் செம்புக் கம்பி சுற்றியும், ஒன்றைத் துத்தநாகத் தகடு சுற்றியும் சில நாட்கள் வைத்தால், செம்பு சுற்றியது மிகுதியாகத் துருவேறுவதையும், துத்தநாகம் சுற்றியது காக்கப்படுவதையும் மாணவர்கள் நேரில் காண்பர்.

ஸ்டெர்ன் டிரைவ் பொருத்திய படகுகள் நம் கரைகளில் மீன்பிடிப் படகுகளைப் போல் பெருந்தொகையாக இல்லை. எனினும் இங்கே கூறிய முறை அவற்றிற்கு மட்டும் உரியதன்று. மின்சாரத்தால் தூக்கப்படும் அவுட்போர்டு மோட்டாருக்கும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வலை இழுக்கும் பொறிக்கும் இது பொருந்தும். களப் பணியாளர் எடுத்துச்செல்ல வேண்டியவை ஒரு வோல்ட் மீட்டர், ஒரு கம்பித் தூரிகை, ஓர் அட்டைத் துண்டு, காலுக்குக் கொடுக்க ஓர் உறுதியான முட்டு ஆகியவையே. ஒலியைக் கேட்டு, மின்சாரத்தின் வழியை முதலிலும் எண்ணெயின் வழியை அடுத்தும் தொடர்ந்து, நலமான கண்ணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்றால் பழுதான கண்ணி எஞ்சி நிற்கும். பம்பைத் திறக்கும் திருகுளியைக் கையில் எடுப்பது இவை யாவும் முடிந்த பின்னரே.